வேட்டைக்குச் சின்ன ஸ்பாட்டிங் ஸ்கோப்: 60 மடங்கு தேவையா?

கேள்வி: அமெரிக்காவில் டென்வர் பக்கம் இருக்கிறேன். அலுவலக நண்பர்களோடு இந்த அக்டோபரில் கொலராடோ மலையில் எல்க் என்கிற பெரிய மான் வேட்டைக்குப் போகிறேன். 10×42 பைனாகுலர் இருக்கிறது. முதுகுப் பையில் அடங்குகிற ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப் (டிரைபாடில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி) வேண்டும். டிரைபாடும் சேர்த்து 800, 900 டாலருக்குள் முடிக்கப் பார்க்கிறேன். கடையில் 20-60×80 (20 முதல் 60 மடங்கு, முன் லென்ஸ் 80 மி.மீ.) ஒன்றையும், ஏறக்குறைய அதே விலையில் 11-33×50 ஒன்றையும் காட்டினார்கள். பாதி மடங்குக்கு ஏன் அதே காசு கொடுக்க வேண்டும்? நான் மூக்குக் கண்ணாடி போடுகிறவன்.

பதில்: சின்னதையே வாங்குங்கள். 60 என்கிற எண்ணைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. உங்கள் வேலைக்கு 30 மடங்கு தாராளம்.

அந்த வேலை என்ன என்று பார்ப்போம். மிருகத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது பைனாகுலர். கண்டுபிடித்ததைச் சுடலாமா, கூடாதா என்று தீர்மானிக்கத்தான் ஸ்கோப். கொலராடோவின் பெரும்பாலான பகுதிகளில் ஆண் எல்க்கைச் சுட, ஒரு பக்கக் கொம்பில் குறைந்தது 4 முனைகள் இருக்க வேண்டும். அல்லது கண்ணுக்கு மேலே முன்னோக்கி நீளும் முதல் கிளை 5 அங்குலமாவது இருக்க வேண்டும். இல்லாததைச் சுட்டால் அது குற்றம். 1 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் எல்க், 30 மடங்கில் 33 மீட்டர் தூரத்தில் நிற்பது போலத் தெரியும். அந்தத் தூரத்தில் 5 அங்குலக் கிளை தாராளமாகக் கண்ணுக்குப் படும். அதைப் பார்க்க விடாமல் தடுப்பவை வேறு மூன்று: மங்கல் வெளிச்சம், கானல், ஆட்டம்.

வெளிச்சத்தில் இருந்து தொடங்குகிறேன். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரை சுட அனுமதி. எல்க் கூட்டம் மரத்தடியை விட்டுப் புல்வெளிக்கு வருவதும் அந்த இரு விளிம்புகளில்தான். முன் லென்ஸின் மில்லிமீட்டரை மடங்கால் வகுத்துப் பாருங்கள். கண்ணுக்குள் வந்து விழும் ஒளிக்கற்றையின் அகலம் அது. 80-ஐ 60-ஆல் வகுத்தால் 1.3 மி.மீ. 50-ஐ 33-ஆல் வகுத்தால் 1.5. அதாவது, பெரிய ஸ்கோப்பை முழு மடங்கில் வைத்தால் சின்னதை விடவும் இருட்டாகத்தான் தெரியும். இரண்டையும் 30-இல் வைத்தால் பெரியதுதான் ஜெயிக்கும், அதில் சந்தேகமில்லை. வண்டியை விட்டு இறங்காமல் பார்க்கிறவருக்கு அதுவே சரி. ஆனால் 80 மி.மீ. ஸ்கோப்புகள் பொதுவாக ஒன்றரை கிலோவுக்கு மேல் போகும். அதைத் தாங்க டிரைபாடும் கனமாக வேண்டும். 10,000 அடி உயரத்தில் மூச்சு வாங்க ஏறும்போது அந்த எடை காலை வாரிவிடும். கனமாக இருக்கிறதே என்று கூடாரத்திலேயே விட்டுவிட்டுப் போகிற ஸ்கோப்பால் ஒரு பயனும் இல்லை.

கானல் பகலில் வருவது. வெயில் ஏறிய சரிவைப் பாருங்கள், காற்று நெளிவது தெரியும். 60 மடங்கு அந்த நெளிவையும் சேர்த்துப் பெரிதாக்கும். பல நாட்களில் 30, 35-க்கு மேல் திருகுவதில் லாபமே இருக்காது.

அப்படியானால் அதே விலையில் சின்னதில் என்ன கிடைக்கிறது? நல்ல கண்ணாடி. ஈடி (ED) கண்ணாடி, அதாவது நிறம் பிரிந்து தெரிவதைக் குறைக்கும் லென்ஸ், என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மலிவான லென்ஸில், பனிப் பின்னணியிலோ வெளுத்த வானத்திலோ கொம்பு நுனியைச் சுற்றி ஊதாவும் பச்சையுமாக ஒரு விளிம்பு படரும். கிளை எங்கே முடிகிறது, பின்னால் இருக்கும் சுள்ளி எங்கே தொடங்குகிறது என்றே பிரியாது. கடைக்காரரிடம் கேட்டு ஸ்கோப்பை வாசலுக்குக் கொண்டு போங்கள், முடிந்தால் அந்தி நேரத்தில். இலையில்லாத ஒரு கிளையை வானத்துக்கு எதிரே வைத்து, முழு மடங்கில் விளிம்பைப் பாருங்கள். அந்தச் சோதனையில் தோற்றதை வாங்காதீர்கள்.

உங்கள் விலை வட்டாரத்தில் வார்டெக்ஸ் ரேஸர் எச்டி 11-33×50 என் முதல் தேர்வு. எடை முக்கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. காசு இடித்தால் செலஸ்ட்ரான் ஹம்மிங்பேர்ட் 9-27×56 இருக்கிறது, ஈடி கண்ணாடியோடு. வார்டெக்ஸ் டைமண்ட்பேக் எச்டி 16-48×65 விலைக்கு நல்ல பொருள்தான், ஆனால் 1.3 கிலோவைத் தாண்டுவதால் அதைச் சின்னது என்று சொல்ல மாட்டேன். கோவா (Kowa) நிறுவனத்தின் 501, 502 இரண்டும் வெறும் 400 கிராம். எடைக்கு மயங்கி வாங்கினால் மங்கல் நேரத்தில் ஏமாற்றம்தான்.

இப்போது டிரைபாட். நான் அடித்துச் சொல்ல விரும்புவது இதைத்தான்: பட்ஜெட்டில் கால் பங்கையாவது இதற்கு ஒதுக்கிவிட்டு, மீதியில் ஸ்கோப் தேடுங்கள். மேஜை மேல் வைக்கிற குட்டி முக்காலியில் 30 மடங்கு வைத்தால், ஃபோகஸ் வளையத்தைத் தொட்டாலே படம் துள்ளும். நீங்கள் தரையில் உட்கார்ந்து பார்க்கப் போகிறீர்கள், அதனால் ஆளுயர டிரைபாட் தேவையில்லை. நடுக்கம்பை உயர்த்தாமலே உட்கார்ந்த கண்மட்டத்துக்கு வந்தால் போதும். மேலும் கீழும், பக்கவாட்டிலும் மெதுவாக நகர்த்தக்கூடிய தலை வேண்டும். பைனாகுலரை மாட்டும் அடாப்டரும் வாங்கிவிடுங்கள். 10 மடங்கு பைனாகுலர் அசையாமல் நின்றால், கையில் பிடிக்கும்போது தப்பிப் போகும் காது அசைவு கூடப் பிடிபடும்.

மூக்குக் கண்ணாடிக்கு: கண்ணுக்கும் ஐபீஸுக்கும் (கண் வைத்துப் பார்க்கும் பக்கத்து லென்ஸ்) நடுவே விட வேண்டிய தூரம் 16 மி.மீ.யாவது இருக்கட்டும். ஜூம் திருகும்போது இது மாறும். விவரப் பட்டியலில் இரண்டு எண் இருந்தால் சிறியதைப் பாருங்கள். கண்ணாடியைக் கழற்றாமல் வட்டம் முழுசாகத் தெரிய வேண்டும்.

நேர்க்குழாயா, வளைந்ததா என்பது அவரவர் பழக்கம். பைனாகுலரில் பார்த்த இடத்தைச் சட்டென்று பிடிக்க நேரானது எளிது. மேல்சரிவை வெகுநேரம் பார்க்க வளைந்தது கழுத்துக்கு நல்லது. ஒரே டிரைபாடில் உயரம் மாறுபட்ட நண்பர்கள் மாறி மாறிப் பார்க்கவும் அதுதான் வசதி.

கேள்வி: ரைஃபிளில்தான் ஸ்கோப் இருக்கிறதே, அதிலேயே பார்த்துக்கொண்டால் செலவு மிச்சம் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: கூடவே கூடாது. அதில் பார்க்கும்போது துப்பாக்கி வாயும் அதே திசையைத்தான் பார்க்கிறது. மரத்துக்குப் பின்னால் அசைவது இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம். எது என்று தெரியாத ஒன்றின் மேல் துப்பாக்கியைத் திருப்பக்கூடாது என்று வேட்டைப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லிக் கொடுப்பார்கள். பைனாகுலர் மட்டும் போதும் என்று நண்பர் சொல்லியிருந்தால், சரி, அதைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: பழையது வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். வார்டெக்ஸ், லூபோல்ட் இரண்டும் ஆயுள் உத்தரவாதத்தை இரண்டாவது கைக்கும் தருகின்றன, பில் கூடக் கேட்பதில்லை. ஆனாலும் உள்ளே பூஞ்சையோ ஆவிப்படலமோ இருக்கிறதா என்று முன் லென்ஸ் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். ஜூம் வளையத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்புங்கள். நடுவில் ஃபோகஸ் லேசாக விலகுவது சகஜம், படம் ஒரு பக்கமாகத் தாவினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.