காய்ச்சலில் வந்த ஃபிட்ஸ் படிப்பைக் கெடுக்குமா?

‘மகனுக்கு இரண்டு வயது. காய்ச்சலோடு இரண்டு முறை ஃபிட்ஸ் வந்து, ஒவ்வொரு முறையும் ஓரிரு நிமிடத்தில் நின்றுவிட்டது. மூளை பாதித்து மந்தமாகிவிடுவான் என்று நெட்டில் போட்டிருக்கிறார்கள். இன்னும் இரண்டிரண்டு சொல்லாகத்தான் பேசுகிறான். உறவினர் வீட்டில் மீதமிருந்த ஃபீனோபார்பிட்டோன் என்ற வலிப்பு மருந்து சிரப்பை மூன்று வாரமாகக் கொடுக்கிறேன்.’

அம்மா, உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்தது ஃபிட்ஸ் இல்லை, அந்த சிரப்தான். காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைகளுக்கு இதே மருந்தை இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1990-ல் வெளியானது. மருந்தில்லாத போலி சிரப் குடித்த பிள்ளைகளைவிட இவர்களின் ஐக்யூ சராசரியாக 8 புள்ளிகளுக்கு மேல் குறைவாக இருந்தது. எதற்குப் பயந்து கொடுக்கிறீர்களோ, அதையே செய்யக்கூடிய மருந்து அது. இன்னொருவர் பிள்ளைக்கு எழுதிய அளவை உங்கள் பிள்ளைக்கு ஊற்ற யார் சொன்னது? ஆனால் சட்டென்று நிறுத்தாதீர்கள், அதனாலேயே வலிப்பு வரலாம். நாளைக்கே பாட்டிலோடு குழந்தை மருத்துவரிடம் போங்கள். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்லட்டும்.

இப்படி ஓரிரு நிமிடத்தில் நிற்கும் காய்ச்சல் ஃபிட்ஸால் மூளை மந்தமாகாது. 1970 ஏப்ரலில் பிரிட்டனில் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை 10 வயது வரை தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அவர்களில் காய்ச்சல் வலிப்பு வந்த 398 பேர், ஒரு கூட்டமாகப் பார்த்தால், படிப்பிலும் அறிவுத்திறனிலும் நடத்தையிலும் மற்றவர்களுக்குச் சளைக்கவில்லை. முதல் பிறந்தநாளுக்கு முன்பே வலிப்பு வந்தவர்களில் மட்டும் சிறப்புப் பள்ளிக்குப் போனவர்கள் கூடுதல். உங்கள் மகனுக்கு முதல் ஃபிட்ஸ் அந்த வயதுக்குப் பிறகு வந்திருந்தால் இது பொருந்தாது.

நீங்கள் கவனிக்க வேண்டியது கடிகாரத்தை. வலிப்பு தொடங்கியதும் நேரம் பாருங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்புச் சாவி, வாயில் ஸ்பூன், முகத்தில் தண்ணீர் எதுவும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். நீண்டுபோகும் வலிப்புதான் ஆபத்து. ஒரு பக்கக் கை கால் மட்டும் இழுத்தாலும், ஒரே நாளில் திரும்ப வந்தாலும் அன்றே காட்டுங்கள்.

மறுபடி காய்ச்சல் வந்தால் மறுபடி ஃபிட்ஸ் வரலாம். ஆறு வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். இப்போதைக்கு ஸ்கேனும் வேண்டாம், மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் ஈஈஜியும் வேண்டாம். பாராசிட்டமால் காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும்தான், ஃபிட்ஸைத் தடுக்காது. தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டு வயதுப் பிள்ளை இரண்டு சொல் சேர்த்துத்தான் பேசும். உங்கள் மகன் சரியாகத்தான் பேசுகிறான்.