ஒரு கண்ணாடி, இரண்டு எண்பது: வாசகர் கேள்வி பதில்

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் இருபத்திரண்டு வருடம் கார் கண்ணாடி மாற்றியவன் என்பதால் ஆசிரியர் இந்த மாதக் கடிதக் கட்டை என் பக்கம் தள்ளிவிட்டார். எல்லாமே முன்கண்ணாடியில் தெரியும் டிஸ்ப்ளே பற்றிய கேள்விகள்.

புதுக் கார் பார்க்கப் போனேன். வேகம், வழிகாட்டும் அம்பு எல்லாம் கண்ணாடிக்கு வெளியே சாலைமேல் மிதந்தன. "இது ஹோலோகிராம் சார்" என்றார் விற்பனையாளர். உண்மையா? அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?
- பிடோக் வாசகர்

மிதந்தது உண்மை. பெயர்தான் கொஞ்சம் அலங்காரம்.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ஹெட்-அப் டிஸ்ப்ளே, சுருக்கமாக 'ஹட்'. டேஷ்போர்டுக்குள் ஒரு பெட்டி இருக்கும். அதில் ஒரு குட்டித் திரையும் குழியாடியும் உண்டு. திரையின் வெளிச்சம் ஆடியில் பட்டு, முன்கண்ணாடியில் பட்டு, உங்கள் கண்ணுக்கு வருகிறது. இரவில் மாடிப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் நம் முகம் வெளியே மரங்களுக்கு நடுவில் மிதக்குமே, அதே சங்கதிதான். குழியாடி இருப்பதால் படம் இரண்டு மீட்டருக்கு அப்பால் நிற்பதாகத் தெரிகிறது. 2020-இல் வந்த மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் அதைச் சுமார் பத்து மீட்டருக்குத் தள்ளி, அம்பு சாலையிலேயே கிடப்பதுபோல் செய்தார்கள். அதுவும் பிரதிபலிப்புதான். போர் விமானத்திலிருந்து இறங்கி வந்த வித்தை இது. 1988-லேயே ஜெனரல் மோட்டார்ஸ் அதை ஓல்ட்ஸ்மொபில் காரில் வைத்துவிட்டது.

ஹோலோகிராம் என்பது வேறு கதை. டென்னிஸ் கபோர் 1947-இல் கண்டுபிடித்து, 1971-இல் நோபல் பரிசு வாங்கிய விஷயம். லேசர் கதிர்கள் ஒன்றோடொன்று மோதும் கோலத்தை ஒரு மெல்லிய படலத்தில் பதிய வைப்பார்கள். அந்தப் படலத்தை முன்கண்ணாடியின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே வைத்துவிட்டால், குறிப்பிட்ட நிறம் குறிப்பிட்ட கோணத்தில் வரும்போது மட்டும் அது முகம் பார்க்கும் கண்ணாடிபோல் திருப்பும். மற்ற வெளிச்சத்தைப் பேசாமல் விட்டுவிடும். டேஷ்போர்டுக்குள் பத்து லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும் பெரிய பெட்டி தேவையில்லை என்பதுதான் இதில் உள்ள ஆசை. பக்கத்து இருக்கைக்காரர் பார்க்கும் படம் ஓட்டுநர் கண்ணில் படாமலும் செய்ய முடியும். 2025 ஜனவரியில் லாஸ் வேகஸ் கண்காட்சியில் ஹூண்டாய் மோபிஸ், ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தோடு சேர்ந்து செய்த இப்படிப்பட்ட கண்ணாடியை ஒரு கியா ஈவி9 காரில் காட்டியது. அப்போது அது காட்சிக்கு மட்டும்தான், விற்பனைக்கு அல்ல.

இடையில் ஒரு ரகம் உண்டு: பெட்டிக்குள்ளே லேசரால் ஹோலோகிராம் முறையில் படத்தை உருவாக்கி, சாதாரணமாகக் கண்ணாடியில் அடிப்பது. உங்கள் விற்பனையாளர் அதைச் சொல்லியிருந்தால் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். "ஹோலோகிராம் பெட்டியிலா, கண்ணாடியிலா?" என்று கேளுங்கள். முகம் காட்டிக்கொடுத்துவிடும். பணம் கொடுப்பதற்கு முன் இன்னொன்றும் கேளுங்கள்: முன்கண்ணாடி உடைந்தால் மாற்ற எவ்வளவு? ஏன் கேட்கச் சொல்கிறேன் என்பது அடுத்த கடிதத்தில்.

தனியார் வாடகை கார் ஓட்டுகிறேன் அண்ணே. ஜோகூர் போய் வரும்போது லாரியிலிருந்து கல் தெறித்து முன்கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. இங்கே ஒரு கடையில் மலிவாக மாற்றினேன். இப்போது வேகம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது. பெட்டி போய்விட்டதா?
- ஈசூன் வாசகர்

பெட்டி போகவில்லை தம்பி. கண்ணாடிதான் தப்பு.

முன்கண்ணாடி ஒரே தகடு அல்ல. இரண்டு கண்ணாடி, நடுவில் ஒட்டும் பிளாஸ்டிக் படலம். வெளிச்சம் உள்பக்கத் தளத்தில் ஒருமுறை திரும்பும், வெளிப்பக்கத் தளத்தில் இன்னொருமுறை திரும்பும். ஆகவே எந்தக் கண்ணாடியிலும் இரண்டு படம்தான் பிறக்கும். ஹட் உள்ள காருக்கு வரும் கண்ணாடியில் அந்த நடுப் படலம் சீராக இருக்காது. மேலே கொஞ்சம் தடிப்பு, கீழே கொஞ்சம் மெலிவு, ஆப்பு மாதிரி. கையில் பிடித்துப் பார்த்தால் கண்டுபிடிக்கவே முடியாது. அந்தத் துளிச் சரிவுதான் இரண்டு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார வைக்கிறது. உங்களுக்குப் போட்டது சரிவில்லாத சாதாரணக் கண்ணாடி.

நானும் ஒருமுறை இப்படிச் சறுக்கியவன். வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருடம் என்று ஞாபகம். அளவு சரி, வளைவு சரி, மழை சென்சார் இடம் சரி. போட்டுவிட்டேன். மறுநாள் வாடிக்கையாளர் வந்து ஒன்றும் பேசாமல் என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார். 80 என்ற எண்ணின் தலையில் இன்னொரு 80, வெளிறிப்போய், ஒரு விரல்கடை மேலே ஏறி நின்றது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன், போகவில்லை. என் செலவில் வேறு கண்ணாடி வரவழைத்தேன். அன்றிலிருந்து கண்ணாடியின் மூலையில் இருக்கும் எழுத்துகளைப் பாகத்தின் எண்ணோடு ஒப்பிடாமல் பசையைத் தொட்டதில்லை.

கடைக்குப் போய், ஹட்டுக்கான கண்ணாடி கேட்டீர்களா இல்லையா என்பதை ரசீதைக் காட்டிப் பேசுங்கள். காப்புறுதியில் கோரிக்கை வைக்கும்போதும் 'ஹட்டுக்கான கண்ணாடி' என்று எழுத்தில் போடுங்கள். புதுக் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருந்தால் அதையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஹோலோகிராம் படலம் உள்ள கண்ணாடி வந்தால் இந்தத் தொல்லை இன்னும் கூடும் என்பது என் எண்ணம். ஒரு கல் தெறித்தால் உடைவது கண்ணாடி மட்டுமல்ல, திரையும்தான்.

கணவர் ஓட்டும்போது எண் தெரிகிறது. நான் ஓட்டினால் மறைந்துபோகிறது. இருக்கை உயரமா?
- செங்காங் வாசகி

கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டுகிறீர்களா அம்மா? போலரைஸ்டு ரகமாக இருந்தால் அதுதான் காரணம். ஈரத் தார்ச்சாலையில் இருந்து கண்ணைப் பறிக்கும் பளபளப்பு பெரும்பாலும் கிடைமட்டமாக அதிரும் வெளிச்சம். அந்தக் கண்ணாடி அதை வெட்டவே செய்யப்பட்டது. சரிந்த முன்கண்ணாடியில் பட்டுத் திரும்பும் எண்ணும் அதே ஜாதி வெளிச்சம், அதுவும் சேர்ந்து வெட்டுப்படுகிறது. வண்டி நிற்கும்போது தலையை நன்றாகப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள், எண் திரும்பி வரும். போலரைஸ்டு இல்லாத கருப்புக் கண்ணாடி வாங்கினால் தீர்ந்தது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) திறந்தவெளிக் கார் நிறுத்தத்தில் மத்தியானம் முழுக்க வெயிலில் நிற்கிறது வண்டி. ஹட் கெட்டுப்போகுமா?
- ஜூரோங் வாசகர்

வெளிச்சம் வெளியே வரும் வழிதான் வெயில் உள்ளே போகும் வழியும். பூதக்கண்ணாடியால் காகிதம் எரித்த வயதை நினைத்துக்கொள்ளுங்கள்: குழியாடி வெயிலைக் குவித்துத் திரைமேல் போடும். தயாரிப்பாளர்களுக்கும் இது தெரியும், வெப்பத்தைத் தடுக்க ஏற்பாடு செய்திருப்பார்கள். இருந்தாலும் வெள்ளி பூசிய மறைப்பு ஒன்றை விரித்துவிட்டுப் போவதில் நட்டம் இல்லை. கறுப்புப் படலம் ஒட்டி வெயிலைத் தடுக்கலாம் என்று நினைத்தால், முன்கண்ணாடி வழியே குறைந்தது 70 விழுக்காடு வெளிச்சம் வர வேண்டும் என்பது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதி.

வயது 64. டேஷ்போர்டில் எண் பார்க்க வாசிப்புக் கண்ணாடி வேண்டியிருக்கிறது. ஹட் உதவுமா, இல்லை கவனத்தைச் சிதறடிக்குமா?
- தோ பாயோ வாசகர்

இரண்டும்தான் ஐயா. விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 25 மீட்டர் ஓடிவிடும். நம் வயதில் கண் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் மாறி நிலைக்க நேரம் எடுக்கும். ஹட்டின் எண் தூரத்தில் நிற்பதால் அந்தச் சிரமம் குறைகிறது. எனக்கே பெரிய உதவி.

ஆனால் எண்ணைப் பார்க்கும் கண் அதற்குப் பின்னால் உள்ளதைப் பார்க்கிறது என்று நம்பிவிடாதீர்கள். 1980-இல் நாசாவின் எய்ம்ஸ் மையம் விமானிகளை வைத்துச் செய்த ஆய்வில், ஹட்டைப் பார்த்தபடி பாவனை விமானத்தை (சிமுலேட்டர்) இறக்கியவர்களில் சிலர், ஓடுபாதையில் குறுக்கே நின்ற இன்னொரு விமானத்தைக் கவனிக்கவே இல்லை. அனுபவப்பட்ட விமானிகள் அவர்கள். அதனால் நான் பாட்டுப் பெயர், யார் அழைக்கிறார் போன்றவற்றை எல்லாம் அணைத்துவிட்டு வேகமும் அம்பும் மட்டும் வைத்திருக்கிறேன். கல்லாங்-பாய லேபார் விரைவுச்சாலையின் ஒன்பது கிலோமீட்டர் சுரங்கத்தில் நுழைந்ததும் அம்பையும் நம்புவதில்லை. உள்ளே ஜிபிஎஸ் சரியாகக் கிடைக்காமல் அது தடுமாறலாம். பலகையைப் பார்த்துத்தான் வெளியேறுவேன்.

இரவில் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மகன் வண்டியை எடுத்துப்போன மறுநாள் எண் பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தால் பட்டறைக்கு ஓடாதீர்கள். அவர் உயரத்துக்குப் படத்தை ஏற்றி வைத்திருப்பார். மெனுவில் இறக்கிக்கொண்டால் போதும்.