குழுக் கடனும் ஊக்குநரின் தூக்கமும்

கேள்வி: எண்ணூர்ப் பகுதியில் பதினைந்து பேர் கொண்ட மகளிர் சுய உதவிக் குழுவுக்கு நான் ஊக்குநர், அதாவது குழுவை முன்னின்று நடத்துபவர். மீன் வியாபாரம் படுத்துப்போனதால் ஐந்து உறுப்பினர்கள் வங்கித் தவணை கட்டவில்லை. என் நகையை அடகு வைத்து இரண்டு தவணை கட்டினேன். வங்கியிலிருந்து எனக்கு மட்டுமே போன் வருகிறது. மூன்று வாரமாகத் தூக்கமில்லை. பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன். எல்லோர் முன்பும் அழுதுவிடுவேனோ என்று பயந்து இந்த மாதம் கூட்டமே போடவில்லை. கடனைத் தள்ளுபடி செய்து தருவதாக ஒருவர் 5,000 ரூபாயும், கூட்ட முடிவுகளை எழுதிவைக்கும் தீர்மானப் புத்தகமும் கேட்கிறார். தலைமைப் பண்புப் பயிற்சியில் சேர்ந்தால் மனத் தைரியம் வரும் என்கிறார் இன்னொருவர். நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, இந்த வாரமே கூட்டத்தைக் கூட்டுங்கள். உங்களுக்குத் தைரியம் குறைந்துவிடவில்லை. பதினைந்து பேர் சுமக்க வேண்டியதை நீங்கள் ஒருவரே இரவு பகலாகச் சுமக்கிறீர்கள் என்பதால்தான் உடலும் மனமும் தளர்ந்திருக்கின்றன. வங்கிக் கடன் குழுவின் பெயரில் கொடுக்கப்பட்டது. உறுப்பினர்கள் அனைவரும் தங்களுக்குள் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். நீங்கள் குழுவின் சார்பில் கையெழுத்திடும் ஒருவர் மட்டுமே. விண்ணப்பத்தில் உங்கள் எண் இருப்பதால் வங்கி உங்களை அழைக்கிறது. கடன் கொடுக்கும் நாளில் பதினைந்து பேரையும் வரவழைத்துப் புகைப்படம் எடுக்கத் தெரிந்தவர்களுக்கு, தவணை நின்றபோது ஒரு முறை குழுக் கூட்டத்துக்கு வந்து உட்கார நேரமில்லை என்பது எனக்குத் தாங்க முடியாத ஆத்திரத்தைத் தருகிறது.

கூட்டத்துக்கு முன்பாக, நிலுவை எவ்வளவு, யார் எத்தனை தவணை பாக்கி, நீங்கள் கைக்காசு போட்டது எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கூட்டத்தில், “என்னால் இனி தனியாகச் சமாளிக்க முடியவில்லை, கணக்கு இதோ” என்று சொல்லித் தாளை நடுவில் வையுங்கள். கண்ணீர் வந்தால் வரட்டும்; தலைவி அழுததால் உடைந்த குழுக்களைவிட, தலைவி மறைத்த கணக்கால் உடைந்த குழுக்களே அதிகம். பாக்கி உள்ள ஐவரும் வாரம் எவ்வளவு கட்ட முடியும் என்பதை அவரவர் வாயாலேயே சொல்லச் செய்து, தீர்மானத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு இருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வங்கிக்குச் சென்று, தவணைத் தொகையைக் குறைத்துக் காலத்தை நீட்டிக்கும்படி மனுக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அடுத்த மாதத்திலிருந்து வங்கிக்கு இன்னும் இருவரின் எண்களும் தெரிந்திருக்கட்டும்.

சொந்தப் பணத்தை இனிப் போடாதீர்கள். இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு; அதைத் தவறாகப் புரிந்துகொண்டு பலர் அழிந்திருப்பதால் விரிவாகச் சொல்கிறேன். ஓர் உறுப்பினர் வீட்டில் சாவோ, திடீர் மருத்துவச் செலவோ நேர்ந்து, அந்த மாதத் தவணை மட்டும் தடைப்பட்டால் நீங்கள் உதவலாம். ஆனால் அது கையில் உள்ள பணமாக இருக்க வேண்டும். அடகு வைத்த பணமாகவோ வட்டிக்கு வாங்கியதாகவோ இருக்கக் கூடாது. திரும்பி வராமலே போனாலும் உங்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். குழுவின் முன்னிலையில் கொடுத்து, அந்த உறுப்பினர் உங்களுக்குத் தர வேண்டிய கடன் என்று தீர்மானத்தில் எழுத வேண்டும். இரண்டாவது மாதமும் அதே நிலை என்றால் அது குழு முடிவு செய்ய வேண்டிய விஷயம். ஏற்கெனவே கட்டிய இரண்டு தவணையையும் இதே முறையில் எழுதி வாங்குங்கள்.

தூக்கத்துக்கு வருகிறேன். மாலை நான்கு மணிக்கு மேல் தேநீர் வேண்டாம். இரவு எட்டு மணிக்குப் பிறகு கைபேசியை வீட்டில் வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். அந்நேரத்தில் கணக்குப் புத்தகத்தைத் திறக்காதீர்கள், யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். மூன்று வாரம் தூக்கமில்லை என்பதால் மருத்துவரையும் பார்த்தே ஆக வேண்டும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஒரு நாள் கூலியை இழக்காமல் ஒரு தூக்கப் பிரச்சினைக்கு மருத்துவம் பெற முடியாத ஏற்பாட்டை யார்தான் மாற்றப் போகிறார்களோ தெரியவில்லை, இருந்தாலும் போய்விடுங்கள். செத்துவிடலாமா என்ற எண்ணம் ஒரு முறை எட்டிப் பார்த்தாலும் அந்த நிமிடமே 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை அழையுங்கள். இரவிலும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது.

இப்போது அந்த இருவர். மனத் தைரியத்தை விற்பவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். மேடையேறிக் கைதட்டச் சொல்லும் எந்தப் பயிற்சியும் உங்கள் ஐந்து பாக்கிகளை வசூலித்துத் தராது. தள்ளுபடித் தரகர் அவரைவிட ஆபத்தானவர். 2021-ல் தமிழக அரசு தள்ளுபடி செய்தது கூட்டுறவு நிறுவனங்களில் இருந்த மகளிர் குழுக் கடன்களை. அந்தச் செய்தியைக் காட்டியே மற்ற வங்கிக் கடனுக்கும் முன்பணம் கறக்கும் கூட்டம் வடசென்னையில் சுற்றுகிறது. தள்ளுபடி அரசாணையால் வருவது, ஆள் பிடித்து வாங்குவதன்று. பழைய கடனை அடைக்கத் தனியார் மைக்ரோ ஃபைனான்ஸில் புதுக்கடன் வாங்கித் தருகிறேன் என்பவரையும் வாசலோடு அனுப்புங்கள். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று 2022-லேயே ரிசர்வ் வங்கி அந்தக் கடன் நிறுவனங்களுக்கு விதித்திருக்கிறது. மாலை 6 மணிக்கு மேல் வசூலுக்கு அழைக்கவும் கூடாது.

தீர்மானப் புத்தகம் உங்கள் வீட்டிலோ பிரதிநிதி வீட்டிலோதான் இருக்க வேண்டும். அந்தத் தரகரிடம் வெற்றுத் தாளிலோ காசோலையிலோ ஏற்கெனவே கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தால், நாளைக் காலையிலேயே வங்கி மேலாளருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.