கால் பங்கு வகுப்பில், முக்கால் பங்கு பஸ் ஸ்டாப்பில்

கேள்வி: பத்தாவது வரை எங்கள் ஊரிலேயே தமிழ் மீடியம். இப்போது டவுன் பள்ளியில் இங்கிலீஷ் மீடியம், பிளஸ் ஒன். பழைய வகுப்பில் சார் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்கிற ஆள் நான். இங்கே வந்ததிலிருந்து ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை. பாடம் புரியாமல் இல்லை; புரிந்ததை இங்கிலீஷில் சொல்ல வரவில்லை, தப்பாகச் சொன்னால் முன் பெஞ்சில் சிரிப்பார்கள். அதனால் எல்லாவற்றையும் வரி மாறாமல் மனப்பாடம் செய்கிறேன். மார்க் வருகிறது, பிசிக்ஸில் வகுப்பில் மூன்றாவது. ஆனால் பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் தலை காலியாக இருக்கிறது. சாயங்காலம் பஸ் வரும்வரை என் தோழிக்கு (அவளும் தமிழ் மீடியத்திலிருந்து வந்தவள்தான்) அன்றைய பாடத்தைத் தமிழில் சொல்வேன். அப்போதுதான் எனக்கே புரிகிறது. அம்மாவோ, "ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தால் உன் படிப்பு என்னாவது?" என்கிறார். நான் நேரத்தை வீணாக்குகிறேனா?
– பிளஸ் ஒன் மாணவி, திருவாரூர் மாவட்டம்

பதில்: முதலில் இந்தப் பக்கத்தை அம்மாவிடம் காட்டும்மா. அவருடைய கவலை நியாயமானதுதான், ஆனால் கணக்கு தப்பு. அந்தக் கணக்கைச் சுமார் எண்ணூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவர் போட்டு வைத்திருக்கிறார். நன்னூலில் பவணந்தி முனிவர் சொல்வது இது: ஆசிரியர் சொன்னதை எவ்வளவு ஒழுங்காகக் கேட்டுக்கொண்டாலும் மாணவருக்குச் சேருவது கால் பங்குதான். கூடப் படிப்பவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். மீதி அரை எப்போது சேரும் தெரியுமா, தானே பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது! அப்படிப் பார்த்தால் உன் படிப்பில் முக்கால்வாசி அந்த பஸ் ஸ்டாப்பில்தான் நடக்கிறது.

அதே நூலில் மாணவர்களைத் தரம் பிரிக்கிற சூத்திரம் ஒன்றும் உண்டு. அன்னமும் பசுவும் தலை மாணாக்கர். மண்ணும் கிளியும் நடு. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை எல்லாம் கடைசி. (பன்னாடை பிறகு திட்டுகிற வார்த்தையாகவே ஆகிவிட்டது, அது வேறு கதை.) கிளி எங்கே இருக்கிறது பார். சொல்லிக் கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்கிற கிளியை அவர் கடைசியில் தள்ளவில்லை, தலையிலும் வைக்கவில்லை. ஆகவே மனப்பாடத்தை நினைத்துக் குற்ற உணர்ச்சி வேண்டாம், ஃபார்முலாவும் தனிம வரிசையும் வாயில் இருந்தால்தான் வேலை நடக்கும். அதோடு நின்றுவிடுவதுதான் சிக்கல், அது உனக்கே தெரிந்துவிட்டது, தெரிந்ததால்தான் கடிதம் எழுதியிருக்கிறாய்.

மொழிக்கு வருவோம். தமிழில் யோசிப்பதை ஒரு குறையாக நினைக்கிறாய், எனக்கு அது உன் கையில் இருக்கிற முதலாகத் தெரிகிறது. ஸ்பீடுக்கும் வெலாசிட்டிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் பக்கத்து பெஞ்ச் "வெலாசிட்டி ஒரு வெக்டர் குவான்டிட்டி" என்று ஒப்பிக்கும். நீ பத்தாவது வரை படித்த வார்த்தை திசைவேகம். விளக்கம் பெயருக்குள்ளேயே இருக்கிறது, வேகத்தோடு திசையும் சேர்ந்தது. அதனால்தான் வட்டப்பாதையில் ஒரே வேகத்தில் சுற்றுகிற வண்டிக்கும் திசைவேகம் மாறிக்கொண்டே இருக்கிறது என்பதை நீ ஒரு நொடியில் பிடித்துவிடுவாய். இனர்ஷியா என்றால் நிலைமம், மொமென்டம் என்றால் உந்தம். தமிழ் வழிப் பாடப்புத்தகமும் இலவசமாக டவுன்லோடு செய்யக் கிடைக்கிறது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி.

ஆனால் பரீட்சை இங்கிலீஷில் என்பதை மறந்துவிட முடியாது. தோழிக்குத் தமிழில் சொல்லி முடித்ததும், பஸ் வருவதற்குள் அதையே உடைந்த இங்கிலீஷில் ஒருமுறை சொல்லிப் பார், அவள் சிரிக்க மாட்டாள், சிரித்தாலும் அடுத்த முறை அவள் சொல்லும்போது நீ சிரித்துக்கொள்ளலாம். பிறகு வகுப்பில் ஒரு கேள்வி கேள். ஒன்றே ஒன்று, தமிழிலேயே. இங்கிலீஷ் மீடியம் என்று போர்டு மாட்டியிருந்தாலும் நம் ஊரில் பாதிப் பாடம் தமிழில்தான் நடக்கிறது, தமிழில் கேட்கிற கேள்விக்கு எந்த டீச்சரும் மயங்கி விழப்போவதில்லை. நன்னூல்காரர் மாணவனின் கடமைகளில் "வினாதல்" என்று கேள்வி கேட்பதைத் தனியாகவே சேர்த்திருக்கிறார்.

இன்னொன்று: 2025-26 கல்வியாண்டு முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. சில இடங்களில் இதைச் சாக்கு வைத்து பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு நேராக பிளஸ் டூ புத்தகத்தைத் திறந்துவிடுவார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. உனக்கோ இது மார்க் பயம் இல்லாமல் தப்புத்தப்பாகப் பேசிப் பழகக் கிடைத்த வருஷம்.

கேள்வி: ஒரு பாடத்தை ஐந்து முறை படிக்கிறேன், மஞ்சள் மார்க்கரில் கோடு போடுகிறேன், அப்படியும் பரீட்சை ஹாலில் மறந்துவிடுகிறது. ஞாபக சக்திக்கு ஏதாவது வழி உண்டா?
– பிளஸ் டூ மாணவன், மதுரை

பதில்: ஞாபக சக்தியில் கோளாறு இல்லை தம்பி, ஐந்து முறையும் புத்தகத்தைப் பார்த்தே படிக்கிறாய், அதுதான் கோளாறு. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் சின்னச் சின்னப் பத்திகளைக் கொடுத்து ஒரு சோதனை செய்தார்கள். சிலவற்றை மறுபடி படிக்கச் சொன்னார்கள், சிலவற்றை மூடி வைத்துவிட்டு நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்ததுதான் அதிகம் நின்றது, 81 சதவீதம். எழுதிப் பார்த்தது 75. ஒரு வாரம் கழித்துத் தலைகீழ்: மறுபடி படித்தது 42, எழுதிப் பார்த்தது 56.

ராத்திரி படித்து முடித்தவுடன் எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பது அந்த ஐந்து நிமிஷ 81-ஐ நம்பித்தான். ஒருமுறை படி, புத்தகத்தை மூடு, ஒரு ரஃப் நோட்டில் எழுது, விட்டுப்போனதை மட்டும் திறந்து பார். இரண்டு நாள் கழித்து மறுபடி. முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், பாதிகூட எழுத வராது. மார்க்கரைத் தங்கைக்குக் கொடுத்துவிடு.

கேள்வி: மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பீரியடில் தூக்கம் சொக்குகிறது. என்ன செய்யலாம்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், தர்மபுரி

பதில்: நான் ஆசிரியராக இருந்தபோது அதே பீரியடில் போர்டில் எழுதிக்கொண்டே இரண்டு முறை கண்ணயர்ந்திருக்கிறேன். சோற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள், முகம் கழுவிவிட்டு வா, முடிந்தால் ஜன்னல் பக்கம் இடம் பிடி. சாருக்கும் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோய்க் கொடு.