348 டிகிரி: வடமேற்கா, வடக்கா?

கேள்வி: வானிலை ஆப் ஒன்று எழுதுகிறேன். காற்றுத் திசை டிகிரியில் வருகிறது. அதை 45-ஆல் வகுத்து, தசமத்தை வெட்டிவிட்டு, எட்டுத் திசைப் பெயர்கள் உள்ள பட்டியலிலிருந்து எடுக்கிறேன். 348 வந்தால் வடமேற்கு என்கிறது. எங்கே தப்பு?

பதில்: வகுப்பதில் தப்பில்லை, தொடங்கும் இடத்தில்தான் தப்பு. உங்கள் கணக்கில் வடக்கு 0-இல் தொடங்கி 45 வரை ஓடுகிறது. ஆனால் 0 என்பது வடக்கின் நடு. அதற்கு இந்தப் பக்கம் 22.5, அந்தப் பக்கம் 22.5, அதாவது 337.5 முதல் 22.5 வரை வடக்குதான். எனவே வகுக்கும் முன் 22.5 கூட்டிவிடுங்கள்:

எண் = முழுப்பகுதி((கோணம் + 22.5) / 45) % 8

பட்டியல் 0-இல் வடக்கு, 1-இல் வடகிழக்கு என்று கடிகாரச் சுற்றில் போய் 7-இல் வடமேற்கோடு முடியட்டும். இப்போது 348-ஐப் போட்டுப் பாருங்கள். கூட்டினால் 370.5, வகுத்தால் 8.23, முழுப்பகுதி 8. பட்டியலில் 8 என்ற இடமே கிடையாது! கடைசியில் உள்ள % 8 (அதாவது 8-ஆல் வகுத்தால் வரும் மீதி) அதை 0 ஆக்கி வடக்கில் கொண்டுவந்து விடுகிறது. பலர் மறப்பது இதைத்தான். 16 திசை வேண்டுமென்றால் 11.25 கூட்டி, 22.5-ஆல் வகுத்து, % 16 போடுங்கள்.

22.5 கூட்டுவதற்குப் பதில் ரவுண்ட் செய்தாலும் வேலை நடக்கும். ஆனால் பைத்தானில் ஒரு குறும்பு உண்டு: சரிபாதி வந்தால் அது பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகும். அதனால் 22.5 வடக்காகவும் 67.5 கிழக்காகவும் மாறி, வடகிழக்கு தன் இரண்டு எல்லைகளையும் இழந்துவிடும்.

மைனஸ் கோணம் வரக்கூடுமா? பைத்தானில் -30 % 360 என்றால் 330, ஜாவாஸ்கிரிப்டில் அதே -30. அங்கே முதலில் ((கோணம் % 360) + 360) % 360 என்று சரிசெய்துகொள்ளுங்கள்.

அப்புறம், வானிலைத் தரவில் டிகிரி என்பது காற்று எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்வது. வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல் என்று நாம் சொல்வதும் இதே முறைதான். திரையில் காற்று போகும் பக்கம் அம்புக்குறி வரைவதானால் 180 கூட்டுங்கள்.

விமான நிலைய வானிலை அறிக்கையில் வடக்குக் காற்று 360 என்று வரும். காற்றே இல்லாதபோதுதான் திசை 000, வேகமும் 00. அதனால் வேகம் 0 என்றால் இந்தச் சூத்திரத்துக்கே போகாமல் ‘காற்றில்லை’ என்று காட்டிவிடுங்கள்.