எஸ்பிரெசோ மெஷின் இல்லாமல் வீட்டில் கப்புசினோ போட முடியுமா?

தாராளமாக முடியும். மெஷின் ஏறக்குறைய 9 பார் (சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் 9 மடங்கு) அழுத்தத்தில் வெந்நீரைத் தூள் வழியே தள்ளுகிறது. அந்த அழுத்தம் வீட்டில் வராது, ஆனால் கெட்டியான காபி நம் பித்தளை ஃபில்டரிலேயே கிடைக்கும். 3 மேசைக்கரண்டி சிக்கரி கலக்காத தூளுக்கு 100 மில்லி கொதிநீர் ஊற்றி, முதல் டிகாஷனில் 50 மில்லி மட்டும் எடுங்கள்.

அப்புறம் நுரை. கப்புசினோவின் உயிரே அதுதான். டம்ளரில் ஆற்றினால் வருவது பெரிய குமிழி, சட்டென்று அடங்கிவிடும். நமக்கு வேண்டியது தயிர்போல் வழுவழுப்பான பொடி நுரை. 120 மில்லி கொழுப்பு நிறைந்த பாலை 60-65 டிகிரி வரை மட்டும் சூடாக்குங்கள். விளிம்பில் சின்னக் குமிழி தோன்றி ஆவி எழும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்துவிட்டால் ஏடு கட்டும், நுரை நிற்காது. ஃபிரெஞ்சு பிரஸ்ஸில் (அழுத்திவிடும் சல்லடையும் கைப்பிடியும் கொண்ட காபிக் குடுவை) ஊற்றி, கைப்பிடியை 20, 25 தடவை மேலும் கீழும் வேகமாக அடியுங்கள். பால் ஏறக்குறைய இரு மடங்காக உயரும். பிரஸ்ஸை மேடையில் இரண்டு தட்டுத் தட்டினால் பெரிய குமிழிகள் உடைந்து, மேற்பரப்பு பளபளக்கும்.

பிரஸ் இல்லையா? சரி, ஆறிய பாலை மூடி போட்ட பாட்டிலில் பாதியளவு ஊற்றிக் குலுக்கி, பிறகு சூடாக்குங்கள். சூடான பாலைக் குலுக்காதீர்கள், மூடி தெறிக்கும்.

டிகாஷன் மேல் பாலை மெதுவாக ஊற்றி, மிச்ச நுரையைக் கரண்டியால் எடுத்து வையுங்கள். சர்க்கரையை டிகாஷனிலேயே கரைத்துவிடுங்கள். பிறகு கலக்கினால் நுரை போய்விடும்.