துணைக்குழுக்கள் பெயரளவில் நின்றுவிடுவது ஏன்?

கேள்வி: எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் பதிவு பெற்றது. பொதுக்குழுவில் தண்ணீர், குப்பை, பாதுகாப்பு, விழா என நான்கு துணைக்குழுக்களை அமைத்தோம். பல மாதங்களாகியும் ஒரு குழுவும் கூடவில்லை. எல்லா வேலையும் செயலாளரான என் தலையிலேயே விழுகிறது. செயற்குழுவில் இல்லாதவர்களிடம் பணப் பொறுப்பைத் தரலாமா? அடுத்து யாரும் பதவிக்கு வர முன்வராவிட்டால் என்ன செய்வது?

பதில்: நான்கு குழுக்களுக்கும் பெயர் வைத்திருக்கிறீர்கள். ஆனால், எந்த வேலையை, எந்தத் தேதிக்குள், எவ்வளவு செலவில் முடிக்க வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதியதாக உங்கள் கடிதத்தில் குறிப்பு இல்லை. எல்லை தெரியாத பொறுப்பை ஏற்க எவரும் தயங்குவர். ஆகவே நான்கையும் ஒரே நேரத்தில் உயிர்ப்பிக்க முயலாமல், தண்ணீர்க் குழுவை மட்டும் எடுத்துக்கொண்டு, செயற்குழுவில் பின்வருமாறு ஒரு தீர்மானம் நிறைவேற்றுங்கள்:

“ஏப்ரல் 1 முதல் ஜூலை 31 வரை லாரித் தண்ணீர் ஏற்பாட்டைக் கவனிக்க மூவர் கொண்ட துணைக்குழு அமைக்கப்படுகிறது. எந்தத் தெருவுக்கு எந்த நாள் லாரி என்பதை இக்குழுவே முடிவு செய்யும். அவசரச் செலவுக்கு மாதம் ரூ.3,000 வரை ரசீதுடன் செலவிடலாம். அதற்கு மேற்பட்டால் பொருளாளரின் முன் ஒப்புதல் தேவை. ஒவ்வொரு செயற்குழுக் கூட்டத்திலும் ஒருங்கிணைப்பாளர் அறிக்கை தருவார்.”

தொகையை உங்கள் சந்தா வரவுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். முடிவுத் தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான்கு மாத வேலை என்றால் ஒப்புக்கொள்பவர், காலவரையற்ற பதவி என்றால் ஒதுங்கிவிடுவார். ஆட்களையும் கூட்டத்தில் பொதுவாக அழைப்பு விடுத்துத் தேடாமல், பொருத்தமானவரின் வீட்டுக்கே சென்று, இன்ன வேலைக்கு வாரத்தில் ஏறத்தாழ இவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லிக் கேளுங்கள்.

இதன் பிறகுதான் உங்களுக்குக் கடினமான பகுதி வருகிறது. லாரி வரவில்லை என்று காலை ஆறு மணிக்கு ஓர் உறுப்பினர் உங்களைத் தொலைபேசியில் அழைக்கும்போது, பழக்கத்தில் நீங்களே லாரிக்காரரிடம் பேசிவிட்டால், அடுத்த முறையும் ஒருங்கிணைப்பாளரை எவரும் தேடிப் போகமாட்டார்கள். அவரும் தம் வேலை முடிந்துவிட்டதாகவே கருதுவார். எனவே அவருடைய எண்ணைக் கொடுத்து அழைக்கச் சொல்லுங்கள். முதல் சில வாரங்களில் தாமதமும் குறைகளும் வரத்தான் செய்யும். உறுப்பினர்கள் முன்னிலையில் அவர் எடுத்த முடிவைத் திருத்தாமல், ஏதேனும் சொல்ல வேண்டியிருந்தால் தனியாகச் சொல்லுங்கள். நல்ல நோக்கத்துடன் உழைக்கும் செயலாளர்களே பெரும்பாலும் இந்த இடத்தில் பொறுமை இழந்துவிடுகிறார்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, செயற்குழுவில் இல்லாத உறுப்பினரைத் துணைக்குழுவில் சேர்க்கலாம். உங்கள் சங்க விதிகளில் (பைலாவில்) அதற்குத் தடை உண்டா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஆயினும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி சங்கத்தை நிர்வகிக்கும் பொறுப்பு, குறைந்தது மூவர் கொண்ட செயற்குழுவினுடையது. கணக்குக்கு விடை சொல்ல வேண்டியவர்களும் அவர்களே. ஆகவே முன்பணமும் ரசீதும் பொருளாளர் வழியாகவே செல்லட்டும். வங்கிக் கணக்கின் கூட்டுக் கையொப்பம் நிர்வாகிகளிடமே இருக்கட்டும். விழாவுக்கென்று திரட்டும் நன்கொடையையும் தனிநபர் கணக்கில் வாங்க அனுமதிக்காதீர்கள். எண்ணிட்ட சங்க ரசீது கொடுத்தே பெற வேண்டும்.

அதே சட்டத்தின்படி செயற்குழு உறுப்பினரின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது. மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தடையில்லை. புதியவர்கள் வராததற்கு விருப்பமின்மையைக் காட்டிலும், அந்தப் பதவியில் என்னென்ன வேலை இருக்கிறது என்று தெரியாத அச்சமே காரணம் என்பது என் கருத்து. எனவே ஒருங்கிணைப்பாளர்களைத் தேர்தலுக்கு ஓராண்டு முன்பிருந்தே செயற்குழுக் கூட்டங்களுக்கு அழையுங்கள். பதிவாளர் அலுவலகத்தில் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் தயாரிக்கும்போது, அவர்களில் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.